பூங்காவில் துப்பாக்கிக்குத் தடை போட ஊர் மன்றத்தால் ஏன் முடியவில்லை?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவுக்கு வெளியே ஒரு டவுன்ஷிப்பில் (நம் ஊராட்சி மாதிரி ஓர் உள்ளாட்சி) குடியிருக்கும் தமிழர் ஒருவர் கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் கேள்வி இதுதான்: பிள்ளைகள் விளையாடும் பூங்காவில் ஒருவர் இடுப்பில் துப்பாக்கியோடு நடமாடுகிறார். பெற்றோர் சிலர் சேர்ந்து டவுன்ஷிப் கூட்டத்துக்குப் போய், பூங்காவுக்குள் துப்பாக்கி கொண்டுவரத் தடை போடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "எங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்களாம். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம்தான் காரணமா, அல்லது தட்டிக்கழிக்கிறார்களா?

தட்டிக்கழிக்கவில்லை, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதற்குக் காரணம் இரண்டாம் திருத்தம் இல்லை. உங்கள் டவுன்ஷிப்பின் கையைக் கட்டியிருப்பது மாநிலத் தலைநகரான ஹாரிஸ்பர்க்கில் உட்கார்ந்திருக்கும் மாநிலச் சட்டசபை. பென்சில்வேனியாவின் குற்றவியல் சட்டத்தில் 6120-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. துப்பாக்கியையும் தோட்டாவையும் சட்டப்படி வைத்திருப்பது, கைமாற்றுவது, எடுத்துச் செல்வது பற்றி எந்தக் கவுண்டியும் (மாவட்டம் மாதிரி), நகரமும், டவுன்ஷிப்பும் எந்த வகையிலும் விதி செய்யக்கூடாது என்பது அதன் சாரம். அந்த "எந்த வகையிலும்" என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் வந்த வழக்குகளில் பாதி அதில் முட்டிக்கொண்டு விழுந்தவை.

இப்படி மாநிலம் ஒரு துறையை முழுக்கத் தன் கையில் எடுத்துக்கொண்டு உள்ளாட்சிகளை வெளியே நிறுத்துவதை அமெரிக்காவில் ப்ரீஎம்ப்ஷன் என்பார்கள். துப்பாக்கி விஷயத்தில் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதாவது ஒரு வடிவில் இது உண்டு. நியூயார்க், மாசசூசெட்ஸ், கனெக்டிகட், ஹவாய் போன்ற சில மாநிலங்களில்தான் இப்படி வெளிப்படையாக எழுதிவைத்த தடை கிடையாது.

காரணம் எதுவாக இருந்தால் என்ன, முடிவு ஒன்றுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றல்ல. இரண்டாம் திருத்தம் நாடு முழுமைக்குமானது. அதன் எல்லையை வகுப்பது நீதிமன்றங்கள். வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்ற ஹெல்லர் வழக்கு (2008), அந்த உரிமை மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தும் என்ற, சிகாகோ நகரத்துக்கு எதிரான மெக்டொனால்ட் வழக்கு (2010), வெளியே எடுத்துச் செல்வதும் உரிமைதான் என்ற புரூவன் வழக்கு (2022) என்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அதை விரித்துக்கொண்டே போயிருக்கிறது. அதை உங்கள் ஓட்டால் மாற்ற முடியாது. 6120-ஆம் பிரிவு அப்படியில்லை, மற்றச் சட்டங்களைப் போல அதுவும் ஒரு சாதாரண மாநிலச் சட்டம். சட்டசபையின் இரண்டு அவைகளிலும் பெரும்பான்மையும் ஆளுநரின் கையெழுத்தும் கிடைத்தால் நாளைக்கே நீக்கிவிடலாம். அப்படி நீக்கினாலும் பூங்காத் தடை அதோடு தப்பிவிடும் என்று சொல்லவில்லை. பள்ளி, அரசு அலுவலகம் போன்ற இடங்களில் தடை போடலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டிருக்கிறது. பூங்காவும் அந்தக் கணக்கில் சேருமா என்பதைப் பற்றிப் பல நீதிமன்றங்களில் சண்டை நடக்கிறது. ஆனால் அது இரண்டாவது வேலி. உங்கள் மன்றம் நிற்பது முதல் வேலியில்.

ஒரு மாநிலம் தன் நகரங்களை இப்படி அதட்டி உட்காரவைக்க முடியுமா என்றால், முடியும். அமெரிக்க அரசியலமைப்பில் கூட்டாட்சி அரசு இருக்கிறது, மாநிலங்கள் இருக்கின்றன. நகரம் என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. நகரங்களைப் படைப்பது மாநிலம், கொடுக்கிற அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் மாநிலம். அயோவா நீதிபதி ஜான் டில்லன் 1868-இல் எழுதிய தீர்ப்பு ஒன்றிலிருந்து இதை டில்லன் விதி என்றே சொல்கிறார்கள். 1907-இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது, அதுவும் உங்கள் மாநிலத்து வழக்கில். பிட்ஸ்பர்க்குக்கு எதிரே ஆற்றின் அக்கரையில் அலெகெனி என்று தனி நகரம் இருந்தது. அதை பிட்ஸ்பர்க்கோடு சேர்க்க மாநிலம் வழி செய்தது. இரண்டு ஊர் ஓட்டையும் ஒன்றாகக் கூட்டி எண்ணியதால், அலெகெனிக்காரர்கள் எதிர்த்தும் பெரிய ஊரின் எண்ணிக்கையில் அவர்கள் குரல் அமுங்கிப்போனது. வழக்குப் போட்டார்கள். நகரத்தின் எல்லையையும் அதிகாரத்தையும் மாநிலம் தன் இஷ்டப்படி மாற்றலாம், குடிமக்கள் சம்மதம்கூடத் தேவையில்லை என்றது நீதிமன்றம்.

அப்புறம் "ஹோம் ரூல்" என்ற தன்னாட்சி முறை வந்தது. மிசௌரி மாநிலம் 1875-இல் இதைத் தன் அரசியலமைப்பில் சேர்த்துத் தொடங்கிவைத்தது. பிலடெல்பியாவுக்கு 1951 முதல் சொந்த சாசனம் இருக்கிறது. ஆனால் பென்சில்வேனியாவின் தன்னாட்சி ஒரு நிபந்தனையோடு வருகிறது: சட்டசபை மறுக்காத அதிகாரங்கள் மட்டுமே நகரத்துக்கு. சட்டசபை மறுத்துவிட்டால் கதை முடிந்தது.

நாட்டின் மற்ற மாநிலங்களில் கதை எப்படிப் போனது என்பதையும் கொஞ்சம் சொல்லவேண்டும். பென்சில்வேனியா 1974-லேயே இந்தச் சட்டத்தைப் போட்டுவிட்டது, ஆனால் அப்போது இது அரிதான ஒன்று. அலையைக் கிளப்பியது சிகாகோவை அடுத்த மார்ட்டன் குரோவ் என்ற சிற்றூர். 1981-இல் அந்த ஊர் கைத்துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பதையே தடை செய்தது. மேல்முறையீட்டில் கூட்டாட்சி நீதிமன்றம் அது செல்லும் என்றது. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை. பதிலுக்கு ஜார்ஜியாவில் கென்னசா என்ற ஊர் 1982-இல் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் துப்பாக்கி வைத்திருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டது. பத்திரிகைகளுக்குக் கென்னசாதான் நல்ல செய்தி. தேசிய ரைஃபிள் சங்கமான என்.ஆர்.ஏ.வோ மார்ட்டன் குரோவைத்தான் பார்த்தது. அன்றைக்கு இரண்டாம் திருத்தம் நகரங்களைக் கட்டுப்படுத்தாது. நீதிமன்றத்தை நம்பமுடியாது. ஊர் ஊராகப் போய் சண்டை போடவும் முடியாது. ஐம்பது மாநிலச் சட்டசபைகளில் வேலை பார்ப்பது எவ்வளவோ சுலபம். அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் மாநிலம் மாநிலமாகச் சட்டம் நிறைவேறியது அப்படித்தான். ஹெல்லர் தீர்ப்பு வந்த 2008-க்குள் வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது. அரசியலமைப்பு உரிமை பற்றி நாடே பேசிக்கொண்டிருந்தபோது, பெரும்பாலான நகரங்களை அடக்கிவைத்திருந்தது இந்தச் சத்தமில்லாத மாநிலச் சட்டங்கள்தான்.

இனி பென்சில்வேனியா. இந்த மாநிலத்து நகரங்கள் சும்மா இருக்கவில்லை. முப்பது வருஷமாக மோதிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன.

1993-இல் பிலடெல்பியாவும் பிட்ஸ்பர்க்கும் ராணுவப் பாணித் துப்பாக்கிகளை ஊருக்குள் தடை செய்தன. 1996-இல் மாநில உச்ச நீதிமன்றம் இரண்டையும் தூக்கி எறிந்தது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை மாநில அரசியலமைப்பே காக்கிறது, எனவே இது மாநிலம் முழுமைக்குமான விவகாரம், இதைப் பேசவேண்டிய இடம் சட்டசபை, நகர மன்றம் அல்ல என்றது. ஆர்ட்டிஸ் வழக்கு என்று இதற்குப் பெயர். அதற்குப் பின் வந்த எல்லாத் தீர்ப்பும் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம் நகரங்கள் சின்னச் சின்னதாக முயன்றன. பிலடெல்பியாவும் இன்னும் பல ஊர்களும் போட்ட ஒரு விதி, துப்பாக்கி தொலைந்தாலோ திருடு போனாலோ போலீசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது. யாருடைய துப்பாக்கியையும் இது பறிக்கவில்லை. வேறொருவருக்காக வாங்கிக் கொடுத்துவிட்டு, குற்றத்தில் சிக்கியதும் "தொலைந்துபோச்சு" என்று கைவிரிக்கிறவர்களைப் பிடிப்பதற்கான விதி. என்.ஆர்.ஏ. வழக்குப் போட்டது. யாரையும் இதன் கீழ் இன்னும் தண்டிக்கவில்லையே, உங்களுக்கு என்ன பாதிப்பு என்று கேட்டு நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிட்டது. அதாவது, விதி செல்லுமா என்ற கேள்விக்கே போகவில்லை.

சட்டசபை இந்த ஓட்டையை அடைக்கக் கிளம்பியது. 2014-இல் 192-ஆம் சட்டம் வந்தது. இனி பாதிப்பு எதையும் காட்டவேண்டாம். துப்பாக்கிச் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்கள் சார்பில் எந்த ஊர்மீதும் வழக்குப் போடலாம், ஜெயித்தால் வக்கீல் செலவையும் அந்த ஊரே கட்டவேண்டும். நகர பட்ஜெட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சிறிய ஊருக்கு ஒரு வழக்குச் செலவே தாங்காது. ஊர் ஊராகத் தங்கள் விதிகளை அவசரமாக நீக்கின. பிலடெல்பியா, பிட்ஸ்பர்க், லான்காஸ்டர் மட்டும் எதிர்த்து நின்றன. கடைசியில் 2016-இல் மாநில உச்ச நீதிமன்றம் 192-ஆம் சட்டத்தை ரத்து செய்தது. காரணம் துப்பாக்கியே இல்லை. அந்த மசோதா பிறந்தது செம்புக்கம்பி போன்ற உலோகத் திருட்டைத் தடுக்க. கடைசி நேரத்தில் துப்பாக்கி ஷரத்தை அதன் முதுகில் ஏற்றிவிட்டார்கள். ஒரு மசோதாவில் ஒரே பொருள்தான் இருக்கவேண்டும் என்கிற மாநில அரசியலமைப்பு விதியில் அது மாட்டிக்கொண்டது. நகரங்கள் கொண்டாடின. ஆனால் 2021-இல் ஹாரிஸ்பர்க் நகர விதிகள் பற்றிய வழக்கில், சட்டத்தை மீறித் தண்டனை வாங்கிக்கொண்டுதான் வழக்குத் தொடுக்கவேண்டும் என்பதில்லை என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டசபையால் அடைக்கமுடியாத ஓட்டையை நீதிமன்றமே அடைத்துக் கொடுத்தது.

உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துவது இரண்டு வழக்கு. ஈரீ நகரம் பூங்காக்களில் துப்பாக்கியைத் தடை செய்திருந்தது. 2014-இல் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்றான காமன்வெல்த் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2016-இல் உங்கள் பக்கத்து ஊரான லோயர் மெரியன் டவுன்ஷிப்பின் பூங்கா விதிக்கும் அதே கதிதான். "பூங்கா டவுன்ஷிப்பின் சொந்த நிலம்தானே, என் வீட்டுத் தோட்டத்தில் யார் வரலாம் என்று நான் சொல்வதில்லையா" என்று கேட்கத் தோன்றும். தனி ஆளுக்கு அது சரி. பென்சில்வேனியாவில் உள்ளாட்சிக்கு அது உதவவில்லை. ஒரே ஒரு சந்து திறந்திருக்கிறது: 6120-ஆம் பிரிவு காப்பது சட்டப்படியான உடைமையை மட்டும். மாநிலமே எங்கே தடை செய்திருக்கிறதோ அங்கே ஊரும் தடை போடலாம். ஒரு கவுண்டி தன் நீதிமன்றக் கட்டடத்தில் போட்ட தடை இந்தக் காரணத்தால்தான் பிழைத்தது, ஏனென்றால் நீதிமன்றங்களுக்குள் துப்பாக்கி கூடாது என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. பூங்காவுக்கு அப்படி ஒரு மாநிலத் தடை இல்லை.

பிட்ஸ்பர்க் 2019-இல் செய்த முயற்சிதான் இவற்றில் மிகச் சாமர்த்தியமானது என்பேன். 2018 அக்டோபர் 27 அன்று அந்த நகரத்தின் ட்ரீ ஆஃப் லைஃப் யூத வழிபாட்டுக் கூடத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நகர மன்றம் சும்மா இருக்கமுடியாத நிலை. 6120-ஆம் பிரிவை வைத்துக்கொண்டு உட்கார்ந்து படித்தார்கள். அதில் உடைமை இருக்கிறது, வைத்திருத்தல் இருக்கிறது, கைமாற்றுதல் இருக்கிறது, எடுத்துச் செல்லுதல் இருக்கிறது. "பயன்படுத்துதல்" இல்லை! உடனே மசோதாவைத் திருத்தி, பொது இடங்களில் ராணுவப் பாணித் துப்பாக்கியைப் பயன்படுத்துவதற்கு மட்டும் தடை என்று எழுதினார்கள். பயன்படுத்துதல் என்றால் என்ன என்றும் வரையறை கொடுத்தார்கள்: சுடுவது, தோட்டா நிரப்புவது, ஆட்களை நோக்கி நீட்டுவது இப்படி. உடைமை, வைத்திருத்தல், கைமாற்றுதல், எடுத்துச் செல்லுதல் இதில் சேராது என்று அதே விதியில் தனி வரியே போட்டுவைத்தார்கள். 2019 ஏப்ரலில் மேயர் பில் பெடூட்டோ கையெழுத்திட்டார். அதே அக்டோபரில் கவுண்டி நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-இல் காமன்வெல்த் நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. தோட்டா நிரப்பக்கூடாது என்றால் அது வைத்திருப்பதைக் கட்டுப்படுத்துவதுதானே, வார்த்தையை மாற்றினால் துறை மாறிவிடுமா என்பதுதான் இந்தத் தீர்ப்புகளுக்கு அடியில் ஓடும் எண்ணம். எனக்கு அந்த வரைவு பிடித்திருந்தது. ஆனால் சட்டப்படி பார்த்தால் தீர்ப்பில் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

பிலடெல்பியா கடைசியாக வேறு கோணத்தில் போனது. 2020-இல் நகரமும், துப்பாக்கிச் சூட்டில் உறவினரை இழந்த குடும்பத்தினரும் சேர்ந்து மாநிலத்தின்மீதே வழக்குப் போட்டார்கள். உள்ளாட்சியின் கையைக் கட்டிவிட்டு மாநிலமும் எதுவும் செய்யாமல் இருப்பது எங்கள் உயிருக்கு ஆபத்தை உண்டாக்குகிறது என்பது வாதம். 2024 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை. ஆக, பென்சில்வேனியாவில் நீதிமன்றக் கதவு இப்போதைக்கு மூடிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் டவுன்ஷிப்காரர்கள் ஒரு வகையில் அதிர்ஷ்டசாலிகள். பென்சில்வேனியாவில் தவறான விதி போட்டால் விதி மட்டும்தான் போகும். ஃபுளோரிடாவில் ஓட்டுப் போட்ட உறுப்பினரே போகவேண்டியிருக்கும். அந்த மாநிலத்தில் ஊர்கள் துப்பாக்கி விதி போடக்கூடாது என்ற தடை 1987 முதலே இருக்கிறது. ஆனால் ஊர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கின்றன என்று சொல்லி 2011-இல் பல் வைத்தார்கள். தெரிந்தே மீறும் உறுப்பினருக்குச் சொந்தப் பணத்திலிருந்து 5,000 டாலர் வரை அபராதம். ஆளுநர் பதவியை விட்டே நீக்கலாம். வழக்காடப் பொதுப் பணத்தைத் தொடக்கூடாது. வழக்குப் போட்ட சங்கத்துக்கு 100,000 டாலர் வரை நஷ்டஈடு கிடைக்கும்.

இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஃபுளோரிடாவின் தலைநகரான டல்லஹாசி நல்ல உதாரணம். பூங்காக்களில் சுடக்கூடாது என்ற மாதிரி 1957-லும் 1988-லும் போட்ட இரண்டு விதிகள் நகரத்தின் சட்டப் புத்தகத்தில் கிடந்தன. யாரும் அமல்படுத்தவில்லை. இது செல்லாது, கண்டுகொள்ளாதீர்கள் என்று போலீசுக்கே சொல்லியாகிவிட்டது. நீக்கும் தீர்மானத்தை மட்டும் மன்றம் 2014-இல் ஒத்திவைத்தது. உடனே நகர மன்ற உறுப்பினர்கள்மீது பெயர் குறிப்பிட்டு வழக்கு! செத்துப்போன விதியைப் புத்தகத்திலிருந்து கிழிக்காதது புதிதாக விதி போட்டதாக ஆகாது என்று 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி அவர்களைக் காப்பாற்றியது. பார்க்லாந்து பள்ளியில் 2018-இல் 17 பேர் கொல்லப்பட்ட பிறகு பல நகரங்கள் சேர்ந்து இந்தத் தண்டனைகளை எதிர்த்து வழக்காடின. கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், மேலே தோற்றார்கள். 2023 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் தண்டனைகள் செல்லும் என்று முடித்துவைத்தது.

அரிசோனாவில் இதற்கு ஆளைத் தண்டிக்கமாட்டார்கள், ஊரின் சோற்றில் கை வைப்பார்கள். 2016-இல் வந்த சட்டப்படி, மாநிலச் சட்டத்தோடு மோதும் நகரத்துக்கு மாநிலம் பகிர்ந்து தரும் வரிப்பணத்தை நிறுத்தலாம். டூசான் நகரம் போலீஸ் கைப்பற்றிய துப்பாக்கிகளை உருக்கி அழித்துவந்தது. மாநிலமோ அவற்றை விற்கவேண்டும் என்கிறது. 2017-இல் மாநில உச்ச நீதிமன்றம் நகரத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

மாநிலம் தரப்பு நியாயத்தையும் சொல்லவேண்டும், அதில் விஷயம் இருக்கிறது. பென்சில்வேனியாவில் மட்டும் 2,500-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள். பிலடெல்பியாவிலிருந்து பிட்ஸ்பர்க்குக்குக் காரில் போகிறவர் எத்தனை எல்லைகளைத் தாண்டுவார்? ஒவ்வொரு ஊரிலும் துப்பாக்கியை எடுத்துச் செல்ல வெவ்வேறு விதி இருந்தால், உரிமம் வைத்திருக்கும் நேர்மையான ஆள்கூடத் தெரியாமல் குற்றவாளி ஆகிவிடுவார். மீறினால் ஜெயில் என்கிறபோது இது அற்ப விஷயம் இல்லை. ஊர் அளவிலான தடை எவ்வளவு ஓட்டையானது என்பதும் உண்மை. சிகாகோ புறநகரான ஹைலண்ட் பார்க் 2013-இல் ராணுவப் பாணித் துப்பாக்கியைத் தடை செய்தது. இலினாய் மாநிலம் புதுச் சட்டம் போடும்போது, இந்த மாதிரித் தடை வேண்டுமென்கிற ஊர்கள் பத்து நாளுக்குள் போட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் கதவு மூடிவிடும் என்று சொல்லியிருந்தது. அந்த இடைவெளிக்குள் ஹைலண்ட் பார்க் முந்திக்கொண்டது. நீதிமன்றத்திலும் ஜெயித்தது. 2022 ஜூலை 4 அன்று அதே ஊரின் சுதந்திர தின ஊர்வலத்தில் 7 பேர் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கி வெளியூரில் சட்டப்படி வாங்கியது.

என் கருத்து என்னவென்றால், எடுத்துச் செல்லுதல், உரிமம் இரண்டிலும் மாநிலம் முழுக்க ஒரே விதி இருப்பது நியாயம். பூங்கா, நகர மன்றக் கட்டடம், தொலைந்த துப்பாக்கியைத் தெரிவித்தல் இதிலெல்லாம் அந்த வாதம் நிற்காது. பூங்கா வாசலில் ஒரு பலகை வைத்தால் காரில் போகிறவருக்கு என்ன குழப்பம்? ஃபுளோரிடா மாதிரி உறுப்பினரின் சட்டைப்பையில் கை விடுவதோ வெறும் மிரட்டல். செல்லாத விதியை நீதிமன்றம் ரத்து செய்தால் போதாதா?

சில மாநிலங்கள் இறங்கியும் வந்திருக்கின்றன. வர்ஜீனியா பீச் நகராட்சிக் கட்டடத்தில் 2019-இல் 12 பேர் கொல்லப்பட்ட பிறகு, பூங்காவிலும் அரசுக் கட்டடத்திலும் ஊர்களே தடை போடலாம் என்று வர்ஜீனியா 2020-இல் சட்டத்தைத் தளர்த்தியது. நீங்கள் கேட்பது அப்படியே அங்கே இருக்கிறது. கொலராடோவில் ராணுவப் பாணித் துப்பாக்கிக்குப் போல்டர் நகரம் போட்ட தடையை ஒரு நீதிபதி 2021 மார்ச் 12 அன்று ரத்து செய்தார். பத்தே நாளில் அந்த ஊர் சூப்பர் மார்க்கெட் ஒன்றில் 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர் பக்கத்து ஊர்க்காரர், துப்பாக்கியும் போல்டரில் வாங்கியதில்லை. ஆகவே தடை இருந்திருந்தால் தடுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சட்டசபை அதே ஜூன் மாதத்தில் ஊர்கள் விதி போடுவதற்கு இருந்த 2003-ஆம் வருஷத்துத் தடையை எடுத்துவிட்டு, மாநிலச் சட்டத்தைவிடக் கடுமையாக ஊர்கள் விதி போட்டுக்கொள்ளலாம் என்றது.

ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரிகன் மாநிலத்தில் கொலம்பியா கவுண்டி வாக்காளர்கள், எங்கள் எல்லைக்குள் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களை அமல்படுத்தக்கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். துப்பாக்கி ஆதரவாளர்களின் தீர்மானம். 2023-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்றது. எதை வைத்து? துப்பாக்கி பற்றி விதி செய்வது சட்டசபைக்கு மட்டுமே உரியது என்ற அதே ப்ரீஎம்ப்ஷன் சட்டத்தை வைத்து.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் அந்தப் பூங்கா யாருடையது என்று பாருங்கள். பள்ளி வளாகத்தைச் சேர்ந்த மைதானம் என்றால் மாநிலச் சட்டமே ஆயுதத்துக்குத் தடை வைத்திருக்கிறது. டவுன்ஷிப் புதிதாக எதுவும் செய்யவேண்டாம், போலீசிடம் சொன்னால் போதும். டவுன்ஷிப் பூங்கா என்றால், வெளியே தெரியும்படி துப்பாக்கி வைத்துக்கொண்டு நடப்பதற்கு உங்கள் பகுதியில் உரிமம்கூடத் தேவையில்லை. மறைத்து வைத்துக்கொள்வதற்கும் காரில் வைத்துக்கொள்வதற்கும்தான் கவுண்டி ஷெரிஃபிடம் உரிமம் வாங்கவேண்டும். பிலடெல்பியா நகரத்துக்குள் மட்டும் வெளியே தெரியும்படி வைத்துக்கொள்வதற்கும் உரிமம் வேண்டும் என்று மாநிலமே தனி விதி எழுதிவைத்தது, அதையும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே அவர் சும்மா நடந்துபோனால் போலீசாலும் ஒன்றும் செய்யமுடியாது. மிரட்டினாலோ, யாரையாவது நோக்கி நீட்டினாலோ அது மாநிலக் குற்றம், உடனே அவசர எண்ணுக்கு அழையுங்கள்.

டவுன்ஷிப்புக்கு மிச்சமிருக்கும் அதிகாரம் முக்கியமாக இரண்டு: ஊருக்குள் சுடுவதைக் கட்டுப்படுத்துவது, சுடும் பயிற்சிக் களம் எங்கே இருக்கலாம் என்று மனை வகைப்படுத்தல் விதியில் சொல்வது. ஸ்ட்ரவுட் டவுன்ஷிப் அப்படிப் போட்ட விதி இரண்டாம் திருத்தத்துக்கு முரணானதல்ல என்று மாநில உச்ச நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. உங்கள் பிரச்சினை சுடுவது அல்ல, கொண்டுவருவது. அதற்கு இது உதவாது. பூங்காவில் "துப்பாக்கிக்கு அனுமதியில்லை" என்று பலகை மட்டுமாவது வைக்கச் சொல்லலாமே என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விதி இல்லாத பலகையால் பயனில்லை, விதியோடு வைத்தால் வழக்கு வரும், செலவு உங்கள் சொத்து வரியிலிருந்துதான் போகும்.

6120-ஐத் தளர்த்துங்கள் என்று சட்டசபையைக் கேட்டு ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானம் விதி இல்லை, அதனால் எந்தப் பிரிவிலும் மாட்டாது. ஆனால் உண்மையான வேலை ஹாரிஸ்பர்க்கில். 2023 மே மாதம் பிரதிநிதிகள் சபையில் ஒரே நாளில் மூன்று துப்பாக்கி மசோதாக்கள் ஓட்டுக்கு வந்தன. பின்னணிச் சோதனையை விரிவாக்குவதும், ஆபத்தானவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவில் துப்பாக்கியை எடுத்துவைப்பதும் அங்கே நிறைவேறின, செனட்டில் போய்த் தூங்கின. தொலைந்த துப்பாக்கியைத் தெரிவிக்கவேண்டும் என்ற, நான் மேலே சொன்ன அந்தச் சின்ன விதி, 100-க்கு 101 என்று தோற்றது. யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்பது சட்டசபை இணையதளத்தில் பெயர்வாரியாக இருக்கிறது. உங்கள் தொகுதி உறுப்பினர், செனட்டர் இருவருடைய உள்ளூர் அலுவலகமும் உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் இருக்கும். அடுத்த மாத டவுன்ஷிப் கூட்டத்துக்குப் போகும் அதே பெற்றோர் கூட்டத்தை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.